60,000 ரூபாயும் ஆறு சதுரங்கப் பலகைகளும்: எந்தத் திரையை வாங்குவது?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஆறு சதுரங்கப் பலகைகள் இருக்கின்றன. ஒரு கெரம் பலகையும் மூலை பிய்ந்த பெட்டியில் 'கேட்டன்' என்ற வெளிநாட்டுப் பலகை ஆட்டமும் உண்டு. பல்லாங்குழிப் பலகை ஒன்று இருக்கிறது. யாருடைய அப்பாயி கொடுத்தது என்று எவருக்கும் நினைவில்லை. விளையாட்டைப் பற்றிய புத்தகங்கள் மூன்று. அவற்றில் ஒன்றைக் கரையான் எங்களுக்கு முன்பே படித்து முடித்துவிட்டது.

சனிக்கிழமை மாலையில் இருபது பிள்ளைகள்வரை வருவார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் சித்திரை விடுமுறைக்கு வந்தபோது 60,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "சேர், புத்தகமோ டெப்லட் கணினியோ, உங்களுக்குச் சரியென்று பட்டதை வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஹட்டனிலும் கண்டியிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். தெரிந்தவர்களிடம் இருந்த சாதனங்களை இரண்டு நாள், ஒரு வாரம் என்று இரவல் வாங்கி, வாசிகசாலை மேசையில் வைத்துப் பார்த்தேன். கையில் ஓர் அடிமட்டமும் வைத்திருந்தேன். கடைக்காரர்கள் சொன்னவற்றைவிட அந்த அடிமட்டம் சொன்னவை அதிகம்.

முதலில் எதைப் படிக்கப் போகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மின்னூல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் விளையாட்டுக்காரன் கையில் வருபவை மூன்று வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக ஒழுங்காகிக்கொள்ளும் ஈபப் கோப்பு ஒன்று. அச்சிட்ட பக்கம் அப்படியே உறைந்து நிற்கும் பிடிஎப் இரண்டாவது. மூன்றாவது, செயலிக்குள் வாழும் புத்தகம்: நகர்த்தலை விரலால் தொட்டால் பக்கத்தில் இருக்கும் பலகையில் காய் நகரும். இந்த மூன்றுக்கும் வேண்டிய திரைகள் வேறு வேறு. இது புரியாமல் கடைக்குள் போனவன் 'ரேம்' எத்தனை, கெமரா எத்தனை என்று பேசிவிட்டு வெளியே வருவான். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன்.

ஈபப் வகையில் சதுரங்கக்காரனுக்கு ஒரு புதையல் இலவசமாகவே கிடக்கிறது. கியூபாவின் கப்பபிளாங்கா 1921-இல் உலக வெற்றியாளரானார். அதே ஆண்டில் ஆரம்பப் பாடங்களை வைத்து அவர் எழுதிய நூல் 'புரொஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்தில் பணமில்லாமல் கிடைக்கிறது. எட்வர்ட் லாஸ்கரின் பழைய நூலொன்றும் அங்கே உண்டு. ஆனால் இந்தப் பழைய நூல்களில் ஒரு முள் இருக்கிறது. அவை நகர்த்தல்களை எழுதும் முறை இப்போது நம் பிள்ளைகள் கற்கும் முறை அல்ல. இன்று 'இ4' என்றால் யார் பார்த்தாலும் ஒரே கட்டம்தான். பழைய முறையில் வெள்ளையும் கறுப்பும் தத்தம் பக்கத்திலிருந்து எண்ணும். 'பி-கே4' என்றால் ராஜாவின் வரிசையில் நான்காம் கட்டத்துக்குப் போகும் காலாள். வெள்ளையின் 'பி-கே4' போய் நிற்பது இ4-இல், கறுப்பின் 'பி-கே4' போய் நிற்பது இ5-இல். ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர், தாய் வீட்டில் ஒன்று, புகுந்த வீட்டில் ஒன்று என்பதைப் போல. சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் 1981 முதல் புதிய முறையை மட்டுமே ஏற்கிறது. ஆகவே பிள்ளையின் கையில் நூலைக் கொடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிய முறையில் மாற்றி எழுத வேண்டும். நான் அதை ஒரு கொப்பியில் செய்தேன். எந்தச் சாதனமும் அந்த வேலையை எனக்காகச் செய்யவில்லை.

பிடிஎப்பில் இன்னும் சுவையான பண்டங்கள் உண்டு. நீர்ப்பாசன வேலைக்காக இலங்கையைச் சுற்றித் திரிந்த ஹென்றி பாக்கர் 1909-இல் வெளியிட்ட 'ஏன்ஷன்ட் சிலோன்' என்ற பெரிய நூலில் இந்நாட்டு விளையாட்டுகளுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. குன்றிமணியை வைத்துக் குழிப் பலகையில் ஆடும் சிங்கள 'ஒலிந்த கெலிய' அதில் வருகிறது. நம் பல்லாங்குழிக்கு அது எத்தனை நெருங்கிய உறவு என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும். எச்.ஜே.ஆர். மரே 1913-இல் எழுதிய சதுரங்க வரலாறு 900 பக்கத்தைத் தொடும் மலை. இவை எல்லாம் ஸ்கேன் செய்த படங்களாக இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை. பக்கம் முழுவதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தடவித் தடவி நகர வேண்டும். நவீன பலகை விளையாட்டுகளின் விதிநூல்களும் இந்த இனம்தான். பெரும்பாலான வெளியீட்டாளர்கள் அவற்றைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

அடிமட்டத்துக்கு வேலை வந்தது இங்கேதான். ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம். தாளில் மை பதிந்தது போலத் தெரியும் ஆறு அங்குலத் திரையுள்ள, கிண்டில் போன்ற மின்மைக் கருவியின் அகலம் ஏறக்குறைய 91. அதாவது பக்கம் பாதிக்கும் கீழே சுருங்குகிறது. 10 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிறது. வயதான கண்ணுக்கு அது எறும்பு வரிசை. கைத்தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 8.7 அங்குல டெப்பின் அகலம் 113, பாதியைச் சற்றே தாண்டும். 11 அங்குல டெப்பில் 148. பக்கம் எழுபது சதவீதத்துக்கு வந்துவிடுகிறது, பத்திரிகையின் வரி விளம்பரங்களைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு அது போதும்.

இதில் ஒரு வேடிக்கை. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 2017, 2018 காலத்து 9.7 அங்குல ஐபேடின் அகலத்தையும் அளந்தேன். அதுவும் 148! அது சதுரத்துக்கு நெருக்கமான திரை, இது நெடுந்திரை, அவ்வளவுதான் வித்தியாசம். 11 என்ற எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பக்கத்தின் அகலத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை, நீளத்துக்குத்தான் சேர்க்கிறது. கடையில் இதைச் சொன்னபோது விற்பனைப் பையன் என்னைத் தச்சன் என்று நினைத்திருப்பான்.

சரி, மின்மைக் கருவி. அமேசான் நிறுவனத்தின் கிண்டிலை நான் ஒரு வாரம் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2024-இல் வந்த சிறிய கிண்டில் 158 கிராம்தான். அமெரிக்க விலை 110 டொலரை ஒட்டியது. பேட்டரி ஆறு வாரம் நிற்கும் என்கிறார்கள். நாளுக்கு அரை மணி நேரம் படித்து, வைபையை அணைத்து வைத்தால் என்பது அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அரை மணி நேரம் எங்கே, சதுரங்கக்காரன் எங்கே! ஆனாலும் என் கையில் ஒரு வாரத்தில் அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. காற்று அடித்தால் கம்பி அறுந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போகும் எங்கள் பக்கத்தில் இது சின்ன விடயம் அல்ல. 2022-இல் நாடே பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இன்னும் புரியும். இரவில் லயத்து அறையான காம்பராவில் மற்றவர்கள் தூங்கும்போது கண்ணைக் குத்தாத வெளிச்சத்தில், பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு கப்பபிளாங்காவின் கடைநிலைப் பாடங்களை ஒவ்வொன்றாக ஆடிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல கருவியை நான் காணவில்லை.

ஆனால் அது தனி ஒருவரின் கருவி. இருபது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க முடியாது. ஸ்கேன் நூல்களைத் திறந்தால் கண் வலிக்கும். பக்கம் பெரிதாக்கி நகர்த்தும்போது திரை தயங்கித் தயங்கி மாறும். நிறமும் இல்லை. நிறம் எதற்கு என்று நினைத்தால் கேட்டன் விதிநூலை அதில் ஒருமுறை திறந்து பாருங்கள். காடும் மேட்டு நிலமும் ஒரே சாம்பலில் கிடக்கும். மரம் எது, செங்கல் எது என்று தெரியாமல் அந்த ஆட்டத்தில் யாரும் வீதி போட முடியாது.

வாங்கும் வழியும் லேசானதல்ல. அமேசானுக்கு இங்கே கடை இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடையில் நிற்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். 2024 தொடக்கத்திலிருந்து வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதற்கு மேல் அனுப்புச் செலவு, அவர் இலாபம். புத்தகம் வாங்க வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இடம் தரும் வங்கி அட்டை வேண்டும். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. உங்கள் சொந்த ஈபப் கோப்பை அனுப்பிப் படிக்க இப்போதும் முடியும். குட்டன்பெர்க் நூல்களுக்கு அது போதும். திரை உடைந்தால் என்ன செய்வது என்று ஹட்டனில் கேட்டேன். "வேறு ஒன்று வாங்குங்கள் சேர்" என்றார் பழுதுபார்ப்பவர், சிரிக்காமல்.

ஒனிக்ஸ் பூக்ஸ் போன்ற பத்து அங்குல மின்மை டெப்களும் உண்டு. அண்ட்ராய்டில் ஓடுவதால் செயலிகளையும் போடலாம், பெரிய பக்கமும் படிக்கலாம். விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

இனி டெப். இதில் நான் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "10 அங்குலம், புதியது" என்ற விளம்பரத்தைப் பார்த்து மலிவாக ஒன்றை வாங்கினேன். பெயர் தெரியாத தயாரிப்பு. எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு. அரசிக்கும் மந்திரிக்கும் தலையில் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். நான்காவது மாதம் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. விற்றவரின் தொலைபேசி அதற்கு முன்பே நின்றுவிட்டது. இப்போது அது வாசிகசாலைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ஆகவே அங்குலத்தோடு திரையின் நுணுக்கத்தையும் கேளுங்கள். சம்சுங் 2023-இல் கொண்டுவந்த டெப் ஏ9 என்ற 8.7 அங்குலக்காரனின் திரை 1340-க்கு 800 புள்ளி. ஏ9 பிளஸ் என்ற 11 அங்குலக்காரனுடையது 1920-க்கு 1200. முன்னதில் ஸ்கேன் நூலின் அடிக்குறிப்பு மங்கும், பின்னதில் தெரியும். இரண்டிலும் மைக்ரோ எஸ்டி அட்டை போடலாம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வாசிகசாலையில் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறிப் போனால் இரண்டு கோடு வரும், மழை பெய்தால் அதுவும் போகும். எல்லாவற்றையும் ஹட்டனில் இறக்கி அட்டையில் போட்டுக்கொண்டு வருவதுதான் நடைமுறை. பிள்ளையின் அப்பாவுடைய தொலைபேசிக்கு ஒரு கோப்பை மாற்றிக் கொடுக்கவும் அண்ட்ராய்டில் சிரமமில்லை.

ஐபேடின் திரை அழகு. புதியது 349 டொலரில் தொடங்குகிறது என்பதால் அதை விட்டுவிட்டு, பழையதை மட்டும் பார்த்தேன். 2014-ஆம் ஆண்டு ஐபேட் எயார் 2, அதன் மென்பொருளின் 15-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2017-இல் வந்தது 16-இல் நின்றது. பிடிஎப் படிக்க இது தடையில்லை. புதிய செயலிகள் ஒவ்வொன்றாக "உங்கள் கருவிக்கு இல்லை" என்று சொல்லத் தொடங்கும், அவ்வளவுதான். விதிநூல் மட்டும் படிக்கும் ஒருவருக்குப் பழைய 9.7 அங்குல ஐபேட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம் என்பேன், பேட்டரியைச் சோதித்துக்கொண்டு. எங்களுக்குச் சரிவராமல் போனது கோப்பை இங்கும் அங்கும் மாற்றும் விடயத்தில்தான்.

செயலிக்குள் இருக்கும் புத்தகங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. 'போர்வர்ட் செஸ்' செயலியில் புதிய சதுரங்க நூல்களை வாங்கலாம். நகர்த்தலைத் தொட்டால் பலகை மாறும், ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலும் திறக்கும். 'லீசெஸ்' முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை; சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தொகுதிப் புதிர்களை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு போடலாம். இவை நல்லவை. ஆனால் தொட்டால் காய் நகரும் புத்தகத்தைக் கொடுத்தபோது பிள்ளைகள் பதினைந்து நகர்த்தலை அரை நிமிடத்தில் தட்டித் தட்டி ஓட்டிவிட்டு, "முடிந்தது சேர்" என்றார்கள். அதே ஆட்டத்தை மரப் பலகையில் கையால் நகர்த்தச் சொன்னபோது ஏழாவது நகர்த்தலில் ஒருத்தி நின்றுவிட்டாள். "இந்தக் குதிரை ஏன் அங்கே போகாமல் இங்கே போனது?" என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை செலவும். எனவே எங்கள் கணக்கில் திரை பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பொருள். பலகையையும் தானே ஆகிவிட நினைக்கும் திரைக்கு மதிப்பெண் குறைவு. தனியாகப் படிக்கும் வளர்ந்தவர்களுக்கு நான் இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன்.

பெட்டி விளையாட்டுக்காரர்களுக்கு டெப் வேறொரு வழியிலும் உதவும். 'டிக்கெட் டு ரைட்', 'கார்க்கசோன்' போன்றவை செயலிகளாகவும் வந்திருக்கின்றன. இறக்குமதிப் பெட்டியின் விலையோடு பார்த்தால் அற்பக் காசு. ஒரே டெப்பைக் கைமாற்றி நான்கு பேர் ஆடலாம். கேட்டனின் மரக்கட்டைகள் கையில் உரசும் சுகம் அதில் இல்லை.

விதிநூல் படிப்பதில் எனக்குக் கிடைத்த ஒரு விசித்திர அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் லூடோனோவா நிறுவனம் 2018-இல் 'சிலோன்' என்று ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டது. தேயிலைதான் கதை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கி வைத்த அந்தத் தொழிலை நாம் மேசையில் கட்டியெழுப்ப வேண்டும். பெட்டி எங்கள் கைக்கு எட்டாது; விதிநூலை மட்டும் 11 அங்குலத் திரையில் திறந்தேன். என் மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் தோட்டம் போடுகிறவர்களின் இடத்தில் அமர்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்ப கொழுந்து எடுக்கிறது யார் சேர்?" என்று கேட்டான் லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராப் பையன். அவன் அம்மா அப்போது மலையில் இருந்தாள்.

கடைசியாகத் தாள். அச்சுப் புத்தகத்தை நான் விரும்புகிறவன்தான். ஆனால் எங்கள் ஊர் ஈரம் அதை விரும்புவதில்லை. ஆடி மாதத்தில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை வரும், அட்டை உப்பியிருக்கும். வெளிநாட்டுச் சதுரங்க நூல்களின் விலையில் 60,000 ரூபாய்க்கு ஆறோ ஏழோதான் தேறும். மறுபக்கம் போட்டோகொப்பியோ மலிவு. பதிப்புரிமை முடிந்த கப்பபிளாங்கா, பாக்கர் ஆகியோரின் பக்கங்களை நகலெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிய நூல்களை அப்படிச் செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தாளில் ஒரு வசதி, ஒரே நேரத்தில் ஆறு பலகைக்கும் ஆறு நகல் வைக்கலாம். எந்த விலையிலும் ஒரு டெப் அதைச் செய்யாது. கேட்டன் விதிகளை ஒரே பக்கத் தமிழ்ச் சுருக்கமாக நானே எழுதி, லெமினேட் செய்து பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு ஆண்டாக அந்தத் தாள்தான் எங்கள் வாசிகசாலையில் அதிகம் படிக்கப்பட்ட நூல்.

இனி யார் எதை வாங்கலாம்? இரவில் தனியாக, பலகையை மடியில் வைத்துப் படிக்கும் சதுரங்கக்காரர் என்றால் சிறிய மின்மைக் கருவி. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் இன்னும் வசதி. பெட்டி விளையாட்டுகளும் விதிநூல்களும் என்றால் நிறத் திரை, அகலம் 148 மில்லிமீற்றருக்குக் குறையாமல். பழைய ஐபேடோ 11 அங்குல அண்ட்ராய்டோ. 8.7 அங்குலம் பையில் அடங்கும், விலையும் அடங்கும். ஆனால் ஸ்கேன் நூல் படிக்க நினைத்தால் பாதிப் பணத்தை வீணாக்கிய மாதிரி இருக்கும். கைத்தொலைபேசியில் புதிர் போடலாம், புத்தகம் படிக்க வேண்டாம். பெயர் தெரியாத "10 அங்குலம்" வேண்டுமென்றால் சொல்லுங்கள், கதவிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

எங்களுக்கு என்று வந்தபோது 11 அங்குல அண்ட்ராய்டு ஒன்றை, ஓர் ஆண்டு பாவித்ததை, ரசீதும் பெட்டியும் இருக்கும் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் வாங்கினேன். மிஞ்சிய பணத்தில் ஒரு தடித்த உறை, ஓர் எஸ்டி அட்டை, கப்பபிளாங்காவின் முதல் அத்தியாயங்களைப் புதிய குறியீட்டில் எழுதி ஆறு நகல்.

இப்போது சனிக்கிழமைகளில் அது பிஸ்கட் டின்னில் சாய்ந்து மேசை நடுவில் நிற்கிறது. ஆளுக்கொரு விரலால் தடவியதில் முதல் வாரமே பக்கங்கள் குழம்பிப்போயின. அதனால் பிள்ளைகளே ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: கடைசி ஆட்டத்தில் தோற்றவர்தான் பக்கம் புரட்ட வேண்டும். போன வாரம் முழுவதும் புரட்டியது நான்.